எக்ஸ்ரேயில் விழாத பல்செட்

பகல் பன்னிரண்டு பத்து. கிளினிக்கின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே முதலில் தெரிந்தது ஒரு சீப்பு வாழைப்பழம். பூவன், பதினான்கு பழம் இருக்கும். அதைத் தோள் உயரத்தில் தூக்கிப் பிடித்தபடி காஜா மொய்தீன் உள்ளே வந்தார். பின்னால் மங்கையர்க்கரசி, கையில் எக்ஸ்ரே கவர். அதற்கும் பின்னால், வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு அவருடைய கணவர் தணிகாசலம். வெளியே ஓர் ஆட்டோவும் மூன்று பைக்குகளும் நின்றன.

"டாக்டரம்மா, இவருக்குப் புதுசா ஒரு பல்செட் அளவெடுக்கணும்" என்றார் மங்கையர்க்கரசி. "பழசு காணாப் போச்சு."

இந்தப் பகுதியில் புதிதாகப் பல் கிளினிக் போட்டிருக்கும் இளம் டாக்டர்களான நீங்கள் என்னிடம் வந்தால் இம்ப்ளான்ட் பற்றிக் கேட்கிறீர்கள். ஸ்கேன் மெஷின் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். ஆன்லைனில் பல் நேராக்கும் கவசம் வாங்கி மாட்டிக்கொண்டு, ஈறு வீங்கி வருகிறவர்களை என்ன செய்வது என்று கேட்கிறீர்கள். இவற்றில் எல்லாம் என்னைவிட உங்களுக்கு அதிகம் தெரியும். முப்பத்தொரு வருடம் டவுன்ஷிப் ஓரத்தில் கிளினிக் நடத்திவிட்டு மூடியவள் நான். எனக்கு நிச்சயமாகத் தெரிந்தவை நான் செய்த தவறுகள். அவற்றில் ஒரே நாளில் வெளிப்பட்ட மூன்றைச் சொல்கிறேன். நேரங்களை அன்று ராத்திரியே குறித்து வைத்ததால் அவை சரியாக இருக்கும்.

தணிகாசலத்துக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. அனல்மின் நிலையத்தில், உயர் அழுத்த மின்கம்பிகள் ஓடும் சுவிட்ச்யார்டில் டெக்னீஷியன். மேல்வரிசையில் முன்பல் இரண்டு கிடையாது. இரண்டு வருடத்துக்கு முன் நான்தான் ஒரு சின்ன பிளேட்டில் இரண்டு பல் வைத்துக் கட்டிக் கொடுத்தேன். கழற்றி மாட்டுகிற வகை. காஜா மொய்தீன் பக்கத்துக் குவார்ட்டர்ஸ்காரர், மைன்ஸில் கன்வேயர் மெக்கானிக். ஏதாவது காணாமல் போனால் பிளாக்கில் முதலில் அவரைத்தான் கூப்பிடுவார்கள்.

அன்று காலை நடந்ததை அவர்தான் சொன்னார். தணிகாசலம் நைட் ஷிஃப்ட் முடித்து வீட்டுக்கு வந்து, மூன்று தோசை சாப்பிட்டு, ஏழரைக்குப் படுத்தார். பத்து மணிக்குத் தொண்டையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாயில் பிளேட் இல்லை. கட்டில், தலையணை, கொசுவலை, வாஷ்பேசின் எல்லாம் பார்த்தாயிற்று. பிறகு ஆட்டோவில் வடலூர். அங்கே ஒரு டாக்டர் கழுத்துக்கும் மார்புக்கும் எக்ஸ்ரே எடுத்தார். எதுவும் இல்லை. உள்ளே போகவில்லை, எங்கேயோ விழுந்திருக்கும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

இதில் எனக்கும் ஒரு பங்கு உண்டு. பதினொன்று இருபதுக்கு அந்த டாக்டர் எனக்கு போன் செய்தார். நான் ஒரு கடைவாய்ப் பல்லைப் பாதி அசைத்திருந்தேன். உதவியாளர் போனை என் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

"மேடம், உங்க பேஷன்ட் ஒருத்தர் பல்செட்டை முழுங்கிட்டதா சொல்றார். நீங்க கொடுத்த கார்டுல 'கம்பியுடன்'னு இருக்கு. எக்ஸ்ரேல கம்பி எதுவும் தெரியலை. கம்பி இருக்குற செட்டுதானே?"

"கார்டுல போட்டிருந்தா இருக்கும் சார்" என்றேன். யார் அந்த பேஷன்ட் என்றுகூடக் கேட்கவில்லை. எதிரில் ஒருவர் வாயைத் திறந்துகொண்டு கிடந்தார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. பதில் சொன்னவள்தான் யோசிக்கவில்லை.

இப்போது தணிகாசலத்தை நாற்காலியில் உட்கார வைத்தேன். அளவெடுக்கும் முன் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடத்தில் ஆறு முறை துண்டில் துப்பினார். ஒரு முறைகூட எச்சில் விழுங்கவில்லை. வாய்க்குள் கண்ணாடி விட்டுப் பார்த்தேன். பிளேட் தெரியவில்லை. ஆனால் நாக்கின் அடியில், தொண்டை தொடங்கும் இடத்தில் எச்சில் தேங்கி நின்றது.

"வலிக்குதா?"

தலையாட்டினார். குரல்வளைக்குக் கொஞ்சம் கீழே ஒரு விரலை வைத்தார். விரல் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.

"கீறி விட்டுருக்கும் டாக்டரம்மா" என்றார் காஜா. "ரெண்டு பழம் உள்ள போச்சுன்னா எல்லாம் ஸ்மூத்தா எறங்கிடும். ஆட்டோல ஒண்ணு குடுத்தேன், துப்பிட்டாரு. அண்ணன் கோவாப்பரேட் பண்ண மாட்டேங்குறாரு."

"பழத்தை அங்க வைங்க" என்றேன். வரவேற்பு மேசையில் வைத்தார். கண் மட்டும் அதன்மேலேயே இருந்தது.

அதற்குள் அவருடைய போன் மூன்று முறை ஒலித்திருந்தது. பிளாக் வாட்ஸப் குழுவில் காலை பத்தேகாலுக்கு அவர் ஓர் அறிவிப்பு போட்டிருந்தார்: 'தணிகாசலம் அண்ணன் பல்செட் காணவில்லை. கண்டவர் தெரிவிக்கவும்.' பதில்களை எனக்கும் காட்டினார். பதினொரு பேர் கும்பிட்டிருந்தார்கள். ஒருவர் மேல் பல்லா கீழ்ப் பல்லா என்று கேட்டிருந்தார். இன்னொருவர் முழுக்கப் படிக்காமல் 'ஆழ்ந்த இரங்கல்' போட்டிருந்தார். அதற்குக் கீழே நான்கு பேர் அதையே போட்டிருந்தார்கள்.

மங்கையர்க்கரசிக்கு வேறொரு யோசனை இருந்தது. "நைட் ஷிஃப்ட் வாரத்துல இவரு பல்லைக் கழட்டி ஆபீஸ்லதான் வெப்பாரு. அங்கயே வுட்டுட்டு வந்துருப்பாரு. தூக்கக் கலக்கத்துல முழுங்கிட்டேன் முழுங்கிட்டேன்னு சொல்லிகினு கெடக்குறாரு."

அவர் சொன்னது என் காதில் விழுந்தது. ஏன் ஆபீஸில் கழற்ற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. அது நான் அன்று கேட்காமல் விட்ட இரண்டாவது கேள்வி.

பன்னிரண்டு இருபத்தெட்டுக்கு, தணிகாசலம் ஷிஃப்ட் பார்க்கும் கன்ட்ரோல் ரூமிலிருந்து காஜாவின் போனுக்கு ஒரு படம் வந்தது. எவர்சில்வர் டம்ளர், அதில் தண்ணீர், தண்ணீருக்குள் ஒரு பல்செட். காஜா எழுந்து நின்று "அல்ஹம்துலில்லாஹ்!" என்றார். மங்கையர்க்கரசி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அடுத்த விநாடியே கணவர் பக்கம் திரும்பினார்.

"பல்லை ஆபீஸ்ல வுட்டுட்டு ஊரையே ரெண்டாக்கிட்டியே! அஞ்சு பேரு இரங்கல் சொல்லிட்டாங்க. நான் எங்க போயி மூஞ்சிய வெச்சுக்குவேன்?"

தணிகாசலம் தலையைப் பலமாக ஆட்டினார். பேச முடியாததால் கையை நீட்டினார். மருந்துச் சீட்டும் பேனாவும் கொடுத்தேன். 'அது என் பல் இல்லை' என்று எழுதினார்.

"படத்துல என்ன தெரியும்? வரட்டும், போட்டுப் பாப்போம்" என்றார் காஜா.

பன்னிரண்டே முக்காலுக்கு கன்ட்ரோல் ரூம்காரர் ஒருவர் பைக்கில் வந்தார். டம்ளரை இடது கையில் பிடித்து, வலது கையால் ஓட்டி வந்திருக்கிறார். தண்ணீர் பாதிக்கு மேல் சட்டையில் இருந்தது. ஆட்டோக்காரர் உட்பட எட்டுப் பேர் என் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். எட்டுப் பேருக்கும் தணிகாசலத்தின் வாயில் அந்தப் பல் உட்கார வேண்டும். அவர் வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

"அண்ணே, குழந்தை மாதிரி பண்ணாதீங்க. ஆ சொல்லுங்க."

நான் டம்ளருக்குள் கைவிட்டு எடுத்தேன். மூன்று பல் இருந்தது. அதுவும் நான் செய்ததுதான். என் வேலை எனக்குத் தெரியும். தணிகாசலத்துக்குப் போனது இரண்டு பல். இது வேறு யாருடையதோ. இதைச் சொல்ல வாயெடுத்தபோது பக்கத்துப் பல்லைப் பிடித்துக்கொள்ள பிளேட்டின் ஓரத்தில் வைக்கும் கம்பி என் கட்டைவிரலில் குத்தியது.

கம்பி. தணிகாசலத்துக்கு நான் கம்பி வைக்கவே இல்லை.

இரண்டு வருடத்துக்கு முன் அவர் இதே நாற்காலியில் உட்கார்ந்து, "யார்டுல லைனுக்குக் கீழ நிக்கிறவன் வாயில கம்பி இருந்தா சுர்ருன்னு இழுக்கும்னு சொல்றாங்க டாக்டரம்மா, எனக்கு வேணாங்க" என்று சொன்னது ஞாபகம் வந்தது. இழுக்காது என்று பத்து நிமிடம் சொல்லிப் பார்த்தேன். அவருக்கு சுவிட்ச்யார்டில் இருபத்தெட்டு வருட சர்வீஸ். எனக்கு ஒரு நாள் சர்வீஸும் இல்லை. கடைசியில் கம்பி இல்லாமலே செய்து கொடுத்தேன். பிடிப்பு குறைவு, தளர்ந்தால் உடனே வரவேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அவர் வரவில்லை.

அப்படியானால் கார்டில் 'கம்பியுடன்' என்று எப்படி வந்தது? நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்குக் கம்பி வைக்கிறோமே, ஒவ்வொரு முறையும் எழுதுவானேன் என்று நான் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வைத்திருந்தேன். அவருடைய கார்டிலும் அதைக் குத்தியிருந்தேன்.

உங்களுக்குத் தெரிந்ததுதான், அங்கே நின்ற எட்டுப் பேருக்கும் தெரியாது. எலும்பு எக்ஸ்ரேயில் விழும், உலோகம் விழும். நாம் பல்செட் செய்யும் பிளாஸ்டிக் விழாது. கம்பி இல்லாத பிளேட் தொண்டையில் நட்டுக்குத்தலாக நின்றாலும் படம் சுத்தமாகத்தான் வரும். வடலூர் டாக்டர் தேடியது ஒரு கம்பியை. அந்தக் கம்பி என் ஸ்டாம்பில் மட்டும்தான் இருந்தது.

இப்போது நான் செய்ததைச் சொல்கிறேன். பெருமையாக இல்லை. "எதுக்கும் ஒரு தடவை பாண்டிச்சேரி போய்ப் பாத்துட்டு வந்துடுங்களேன்" என்றேன். ஸ்டாம்பைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"எதுக்குங்க?" என்றார் மங்கையர்க்கரசி. "எக்ஸ்ரேல ஒண்ணுமில்லன்னுட்டாங்க. பல்லும் கெடச்சிடுச்சு. இவரு இன்னிக்கி ராத்திரியும் ஷிஃப்ட்டுக்குப் போவணும். வூட்டுக்குப் போயி செத்த நேரம் தூங்கட்டும்."

"அதானே" என்றார் காஜா. "பாண்டிச்சேரி எங்க ஓடியா போகுது? நைட் ஷிஃப்ட் முடியட்டும், ஆஃப் வருது, அப்பப் போயிக்கலாம்."

ஆட்டோக்காரர் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். தணிகாசலம் மட்டும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். விரல் அதே இடத்தில் இருந்தது.

'எதற்கும்' என்ற சொல் எட்டுப் பேரில் ஒருவரையும் அசைக்கவில்லை. அசைக்கவும் கூடாது. அவர்களிடம் ஒரு எக்ஸ்ரே இருந்தது, ஒரு டாக்டரின் வாய்ச்சொல் இருந்தது, டம்ளரில் ஒரு பல்செட் இருந்தது. என்னிடம் இருந்த ஒரே சான்று என்னுடைய தவறு. அதைத்தான் நான் உள்ளே வைத்துக்கொண்டிருந்தேன்.

"கார்டுல இருக்கறது தப்பு" என்றேன். "இவர் பல்செட்டுல கம்பி கிடையாது. நான்தான் பாக்காம ஸ்டாம்ப் குத்திட்டேன். கம்பி இல்லாத செட்டு எக்ஸ்ரேல தெரியாது. இது இவர் பல்லும் இல்லை, இதுல மூணு இருக்கு. இவரோடது தொண்டைக்குள்ளதான் நிக்குதுன்னு நினைக்கிறேன்."

முதலில் காஜாதான் கேட்டார். "அப்ப எக்ஸ்ரேல நாங்க பாத்தது என்னங்க?"

"கழுத்தெலும்பு."

"வடலூர் டாக்டர் உங்களுக்கு போன் போட்டாரே" என்றார் மங்கையர்க்கரசி. "நான் பக்கத்துலதான் நின்னுகினு இருந்தேன். கம்பி இருக்குன்னு சொன்னீங்கன்னாரே?"

"சொன்னேன். தப்பா சொன்னேன்."

அவர் என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. எக்ஸ்ரே கவரை இரண்டாக மடிக்கப் பார்த்தார், அது மடியவில்லை. "உசுருக்கு ஒண்ணும் ஆவாதுங்களே?" என்றார்.

பிளேட்டின் ஓரம் கூர்மையானது, உணவுக்குழாயைக் கிழித்தால் ஆபத்து, இன்றே போனால் குழாய் விட்டு எடுத்துவிடலாம், நாளைக்கென்றால் கழுத்தைத் திறக்க வேண்டி வரலாம் என்று மூன்று வாக்கியத்தில் சொன்னேன். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அதன்பிறகு யாரையும் வற்புறுத்த வேண்டியிருக்கவில்லை. ஆட்டோக்காரர் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

பன்னிரண்டு ஐம்பத்தைந்துக்கு வடலூர் டாக்டருக்கு போன் செய்து அதையே சொன்னேன். அவர், "அளவு என்ன மேடம்?" என்று மட்டும் கேட்டார். கட்டைவிரல் அகலம், அதைவிடக் கொஞ்சம் நீளம் என்றேன். பாண்டிச்சேரியில் ஒரு மருத்துவமனைக்கு அவரே பேசி ஏற்பாடு செய்தார், ஆம்புலன்ஸையும் அனுப்பினார். அவர் அன்று என்னைக் கேட்டிருக்கக்கூடிய வேறு கேள்விகள் எனக்குத் தெரியும். ஒன்றையும் கேட்கவில்லை.

ஒன்று இருபதுக்கு ஆம்புலன்ஸ் கிளம்பியது. நானும் ஏறிக்கொண்டேன். தணிகாசலத்தைப் படுக்க விடவில்லை, உட்கார வைத்துக் கூட்டிப்போனோம். ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கூடாது என்று சொல்லி வைத்தேன். வாழைப்பழம் கிளினிக்கிலேயே கிடந்தது. ஆனால் வடலூர் தாண்டிய பிறகுதான் கவனித்தேன்: காஜாவின் கையில் அந்த எவர்சில்வர் டம்ளர் இருந்தது. பதற்றத்தில் கீழே வைக்க மறந்து அப்படியே ஏறியிருக்கிறார்.

பண்ருட்டியில் பலாப்பழ லாரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே நின்று சரக்கு இறக்கிக்கொண்டிருந்தது. சைரனுக்கு யாரும் அசையவில்லை. காஜா டம்ளரோடு இறங்கிப் போனார்.

"கொஞ்சம் வழி விடுங்கப்பா, அவசர கேஸு!"

"என்னா பாய், ஹார்ட் அட்டாக்கா?"

"பல்செட்டை முழுங்கிட்டாரு."

"முழுங்கிட்டாரா? கையில இருக்குதே?"

காஜா டம்ளரைப் பார்த்தார். "இது வேறவங்க பல்லு" என்றார்.

லாரியைச் சுற்றி நின்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு ஆம்புலன்ஸ் ஜன்னலுக்கு வந்தார்கள். ஒருவர் சோற்று உருண்டை சிபாரிசு செய்தார். ஒருவர் முதுகில் தட்டச் சொன்னார். தலைப்பாகை கட்டிய ஒருவர் பலாச்சுளை ஒன்றை நீட்டி, "வழுக்கிகினு எறங்கிடுங்க" என்றார். மங்கையர்க்கரசி ஜன்னல் கண்ணாடியை ஏற்றினார். லாரி நகரப் பன்னிரண்டு நிமிடம் ஆனது.

அந்த நேரத்தில்தான் காஜாவின் போனில் கன்ட்ரோல் ரூம் ஷிஃப்ட் இன்சார்ஜ் வந்தார். ஸ்பீக்கரில் போட்டதால் எல்லோருக்கும் கேட்டது.

"எவன்யா என் பல்லைத் தூக்கிட்டுப் போனது? வீட்ல மட்டன் எடுத்திருக்குய்யா! காலைல மறந்து வச்சிட்டு வந்துட்டேன், இப்ப வந்து பாத்தா டம்ளரையே காணோம்!"

"சார், பல்லு பத்திரமா இருக்கு. பண்ருட்டில இருக்கு."

"பண்ருட்டிக்கு அது எதுக்குய்யா போச்சு?"

காஜா விளக்கிக்கொண்டிருக்கும்போது எனக்கு உறைத்தது. இரண்டு பேர். இருவரும் என் நோயாளிகள். இருவரும் நைட் ஷிஃப்ட்டில் ஆபீஸில் பல்லைக் கழற்றித் தண்ணீரில் போடுகிறார்கள். தணிகாசலத்திடம், "ஏன் ஆபீஸ்ல கழட்டுறீங்க?" என்று கேட்டேன். கிளினிக்கிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

எக்ஸ்ரே கவரின் பின்புறத்தில் எழுதினார்: 'நீங்க கொடுத்த சீட்டு.'

பல்செட் வாங்குகிறவர்களுக்கு நான் ஓர் அச்சடித்த சீட்டு கொடுப்பேன். அதில் மூன்றாவது வரி: 'இரவில் கழற்றித் தண்ணீரில் வைக்கவும்.' அவர் அதை அப்படியே செய்திருக்கிறார். நைட் ஷிஃப்ட் வாரம் முழுக்க ராத்திரி பத்து மணிக்குக் கழற்றி டம்ளரில் போடுவார். கன்ட்ரோல் ரூமில் கண் விழித்திருக்கும் எட்டு மணி நேரமும் பல் தண்ணீரில் இருக்கும். காலை ஆறு மணிக்கு மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வருவார். பகலில் தூங்கும்போது பல் வாயில் இருக்கும். பகல்தானே.

"தூங்கும்போதுன்னு போட்டிருக்கக் கூடாதாங்க?" என்றார் மங்கையர்க்கரசி. கோபமாகச் சொல்லவில்லை.

ஊரில் பாதிப் பேர் ஷிஃப்ட்டில் இருக்கிறார்கள். முப்பது வருடம் அவர்கள் மத்தியில் இருந்திருக்கிறேன். ஷிஃப்ட் பார்த்து அப்பாயின்ட்மென்ட் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த வரியை எழுதியது என் கல்லூரிப் புத்தகம். அதை எழுதியவர் ராத்திரி தூங்குகிறவர். நீங்கள் இப்போது நோயாளிகளுக்கு வாட்ஸப்பில் அனுப்பும் அறிவுரைகளும் எங்கிருந்தோ எடுத்தவைதான். அனுப்பும் முன் அவர் எப்போது தூங்குகிறார் என்று ஒரு முறை கேளுங்கள். உங்கள் கணினியில் கார்டைத் திறந்தால் முந்தைய நோயாளிக்கு எழுதியது தானாகவே நிரம்பி வருகிறது என்று ஒருவர் என்னிடம் சந்தோஷமாகச் சொன்னார். என் ஸ்டாம்பும் எனக்கு அப்படித்தான் சந்தோஷம் கொடுத்தது.

மூன்றேகாலுக்கு மருத்துவமனை. குழாய் விட்டுப் பார்க்கும் டாக்டர் இளைஞர். அவரிடமும் கார்டின் கதையை முதலிலிருந்து சொன்னேன். மூன்று நாற்பதுக்குத் தணிகாசலத்தை உள்ளே கொண்டுபோனார்கள். நானும் மங்கையர்க்கரசியும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்தோம். காஜா டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிரில் இருந்த ஓர் அம்மா அதை எட்டிப் பார்த்துவிட்டு வேறு பெஞ்சுக்குப் போனார்.

"இவருக்கு இன்னும் மூணு வருசம் சர்வீஸ் இருக்கு" என்றார் மங்கையர்க்கரசி. "கழுத்தைத் தொறந்தா திரும்ப சேத்துக்குவாங்களா?"

தெரியாது என்றேன். அன்று நான் தெரியாது என்று சொன்ன முதல் பதில் அது.

நான்கு மணி ஐந்து நிமிடத்துக்குக் கதவு திறந்தது. பிளேட் உணவுக்குழாயின் மேல்பகுதியில் குறுக்காக நின்றிருக்கிறது. ஒரு பக்கம் சிறிய கீறல், கிழிசல் இல்லை. திறக்க வேண்டியதில்லை. இரண்டு நாள் படுக்கையில் இருந்தால் போதும் என்றார் டாக்டர். மங்கையர்க்கரசி என் கையைப் பிடித்து, உடனே விட்டுவிட்டார்.

எடுத்ததை ஒரு சின்ன டப்பாவில் வைத்து என்னிடம் நீட்டினார்கள். பிளேட் முழுதாக இருந்தது. இரண்டு பல்லில் ஒன்றுதான் அதில் இருந்தது. குழாய் போன தூரம்வரை பார்த்ததில் மற்றது தென்படவில்லை. வயிற்றுக்கு இறங்கியிருக்கும் என்றார் டாக்டர்.

மூன்றாம் நாள் காலை ஏழு மணி ஐந்து நிமிடத்துக்கு மங்கையர்க்கரசி போன் செய்து, அந்தப் பல்லும் வந்துவிட்டது என்றார்.